சபாநாயகம் கழுவிய பஞ்சு

மெய்யம்மையிடம் தியானம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் சபாநாயகத்தைப் போல மோசமாக உட்கார்ந்தவர் வேறு யாரும் இல்லை. கண்ணை மூடுவார். உடனே முழங்கால் ஆடும். முழங்காலை அடக்கினால் கட்டைவிரல் ஆடும். கட்டைவிரலையும் அடக்கிவிட்டால் தொண்டையைச் செருமுவார். பக்கத்தில் இருப்பவர்கள் அவருக்காகப் பரிதாபப்பட்டே தங்கள் தியானத்தைக் கோட்டைவிட்டார்கள்.

இடமும் லேசுப்பட்ட இடமில்லை. அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோரத்தில் ஒரு பழைய எடைமேடை. லாரிகளை நிறுத்தி எடைபோட்ட காலத்தில் கணக்கர் உட்கார்ந்திருந்த அறையும், அதை ஒட்டிய தகரக் கொட்டகையும்தான் மடம். ஒரு லாரி போனால் ஜன்னல் நடுங்கும். சொம்புத் தண்ணீரில் வெள்ளையாகப் படலம் விழும். அமைதி தேடி வருகிறவர்களை உட்கார வைக்க வேறு இடமா கிடைக்கவில்லை என்று யாராவது கேட்டால், "இங்கதான் காலியா இருந்துச்சு" என்பார் மெய்யம்மை.

அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சபாநாயகம் ஐம்பதைத் தாண்டியவர். ஆனாலும் சபாநாயகம் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார். பதிலுக்கு மெய்யம்மை ஐயா என்றார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் இல்லை.

சபாநாயகம் விருத்தாசலத்துப் பாத்திரக் கடைக்காரர். மூன்று பேர் சகோதரர்கள், ஒரே கடை, ஒரே வீடு. மூத்தவர் இவர். தம்பிகள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் அப்படியே கொண்டுபோய்ச் சேர்த்தால் வெட்டுக்குத்துதான். சபாநாயகம் பாதியை மென்று விழுங்கிவிட்டு, மீதியைச் சர்க்கரை தூவி அடுத்தவரிடம் சொல்வார். மனைவி இருந்தபோதும் அப்படித்தான், அவர் இறந்துபோன பிறகும் அப்படித்தான்.

விழுங்கியதெல்லாம் எங்கே போகும்? ஒருநாள் கடையில், ஆட்கள் பார்க்கும்போதே, ஒரு பித்தளைக் குடத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தார். குடம் நசுங்கியது. அன்றைக்கே பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகள் செண்பகத்திடம் மட்டும், "கொஞ்ச நாள்ல வந்துடுறேன் கண்ணு" என்றார்.

அந்தக் கொஞ்ச நாள் மாதக்கணக்காக நீண்டுவிட்டது.

சாயங்காலமானால் செண்பகம் போனில் கூப்பிடுவாள். சபாநாயகம் போனைக் காதில் வைத்துக்கொண்டு எடைமேடையின் இரும்புப் பலகை மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். "ம்" என்பார். "ம், சரி" என்பார். பிறகு வைத்துவிடுவார்.

அப்படி ஒரு சாயங்காலம் போனை வைத்துவிட்டு நேராக மெய்யம்மையிடம் வந்தார். மெய்யம்மை தன் பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். அது இருமியது, திணறியது, அணைந்தது.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க ஐயா."

"நான் இங்கயே தங்கிடட்டுமா? ஒரேயடியா?"

மெய்யம்மை உதைப்பதை நிறுத்தினார். "மக என்ன சொன்னா?"

"வழக்கம்போலத்தான். பெரிய சித்தப்பா இப்படிச் சொன்னாரு, சின்ன சித்தப்பா அப்படிக் கத்துனாருன்னு. கடையைப் பிரிக்கணுமாம். முன்னெல்லாம் இதைக் கேட்டா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். இப்ப கேட்டுக்கிறேன், வச்சதும் மறந்துடுறேன். எதுவும் மேல ஒட்ட மாட்டேங்குதும்மா. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அதுவும் போயிட்டா சுத்தமாயிடுவேன்."

இதைச் சொல்லும்போது அவருடைய வலது முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. மெய்யம்மை அதைப் பார்த்தார்.

"வண்டி மூச்சுவிடத் திணறுது" என்றார் பிறகு. "ஏர் ஃபில்டரைக் கழட்டிக் கழுவிப் போடுங்க. அப்புறம் பதில் சொல்றேன்."

"எனக்கு வண்டி வேலை தெரியாதே. மெக்கானிக்கிட்ட விட்டுடலாமே."

"கேள்வி கேட்டது நீங்கதான?"

சபாநாயகம் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கொட்டகையில் நிறுத்தினார்.

மறுநாள் காலையில் மெய்யம்மை ஒரு திருப்புளி, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு பாட்டில் எண்ணெய் மூன்றையும் கொட்டகையில் வைத்துவிட்டுப் போனார். அவர் அந்தப் பக்கத்துக் குவாரிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். அன்றைக்கு நடந்தே போனார்.

சபாநாயகம் போனில் ஒரு வீடியோவைப் போட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார். வீடியோக்காரர் வண்டியின் பக்கவாட்டு மூடியை ஒரே இழுப்பில் கழற்றினார். சபாநாயகம் இழுத்தார், வரவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுத்தார். படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. உடைந்துவிட்டதோ என்று கையை எடுத்துவிட்டார். பார்த்தால், அது அப்படித்தான் கழன்று வருமாம். வீடியோக்காரர் அதைப் பிறகுதான் சொன்னார்.

உள்ளே ஒரு கறுப்பு டப்பா. திருகாணிகளைக் கழற்றி, எது எங்கிருந்து வந்தது என்று தெரிய ஒரு துணியில் வரிசையாக வைத்தார். லாரி ஒன்று போனது. தரை அதிர்ந்ததில் வரிசை கலைந்தது. மறுபடி அடுக்கினார்.

டப்பாவைத் திறந்ததும் அவருக்குக் குமட்டியது. கூடு போன்ற ஒரு சட்டம், அதைச் சுற்றி, எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் நுரைப்பஞ்சு. பஞ்சா அது? பிசுபிசுவென்று, தார்ச்சட்டியில் விழுந்து எழுந்ததுபோல, ஓட்டைகளெல்லாம் அடைத்துக்கொண்டு இருந்தது. விரலால் அழுத்தினால் சேறு விரலோடு வந்தது.

குமட்டல் அடங்கியதும் அவருக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊரில் உள்ள அழுக்கையெல்லாம் இது ஒன்றுதானா சுமக்க வேண்டும்? கண்ணில் நீர் வந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துத் துடைத்துக்கொண்டார்.

"வா" என்றார் பஞ்சிடம். "உனக்கு விடுதலை."

மண்ணெண்ணெயில் முக்கி அலசினார். முறுக்கிப் பிழிந்தால் கிழிந்துவிடும் என்று வீடியோக்காரர் எச்சரித்திருந்ததால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்கினார். கறுப்பாக வடிந்தது. பிறகு சோப்புத் தண்ணீரில் போட்டார். பிறகு நல்ல தண்ணீரில். தண்ணீர் தெளிந்த பிறகும் விடவில்லை. இன்னும் ஒருமுறை, இன்னும் ஒருமுறை என்று குடத்தையே காலி செய்தார். கடைசியில் பஞ்சு தன் பழைய இளமஞ்சள் நிறத்தைக் காட்டியது.

நிழலில்தான் காய வேண்டுமாம். கொட்டகைக் கொடியில் போட்டார். நாலு அடி நடந்தார். திரும்பி வந்து தொட்டுப் பார்த்தார். ஈரம். மறுபடி நடந்தார். மறுபடி தொட்டார். பஞ்சுக்கு வாய் இருந்திருந்தால் கொஞ்சம் போய் உட்காருங்கள் என்று சொல்லியிருக்கும்.

காய்ந்ததும் வீடியோவின் மிச்சத்தைப் பார்த்தார். வீடியோக்காரர் ஒரு எண்ணெய்ப் பாட்டிலைக் கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டி, பஞ்சை இதில் முக்க வேண்டும் என்றார்.

சபாநாயகம் சிரித்துவிட்டார். முப்பது வருஷம் கடை வைத்தவருக்குச் சரக்கு விற்கிறவனை அடையாளம் தெரியாதா? இவ்வளவு பாடுபட்டுப் பிசுக்கை எடுத்த பஞ்சில் மறுபடியும் பிசுக்கா? குளித்து முழுகி வந்தவனைச் சேற்றில் தள்ளுகிற கதையாக அல்லவா இருக்கிறது. வீடியோவை நிறுத்தினார். பஞ்சைக் காய்ந்தபடியே சட்டத்தில் மாட்டி, டப்பாவை மூடினார். எல்லாம் முடிந்த பிறகு துணியில் ஒரு திருகாணி மிச்சமிருந்தது. மனசு கேட்காமல் மறுபடி திறந்து, அதன் ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்து முடுக்கினார்.

உதைத்தார். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. இருமல் இல்லை, திணறல் இல்லை. சபாநாயகத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

மெய்யம்மை திரும்பி வந்தபோது எண்ணெய்ப் பாட்டிலை நீட்டினார். "இது தேவைப்படலம்மா. அப்படியே இருக்கு."

மெய்யம்மை பாட்டிலைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பாட்டிலை வாங்கி மாடத்தில் வைத்தார்.

"சரி" என்றார்.

"என் கேள்விக்குப் பதில்?"

"வண்டி கொஞ்சம் ஓடட்டும்."

வண்டி ஓடியது. தினமும் காலையில் மெய்யம்மை அதை எடுத்துக்கொண்டு லாரிகளுக்குப் பின்னால், வெள்ளைப் புழுதிக்குள் போனார். மத்தியானம் திரும்பினார். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் சபாநாயகம் பக்கத்தில் இருப்பவரிடம், "நான் கழுவினது" என்றார். கேட்டவர்களே திரும்பவும் கேட்க வேண்டியிருந்தது.

செண்பகத்தின் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. முன்பு மூச்சுவிடாமல் பேசுவாள். இப்போது இரண்டு வார்த்தை. ஒரு சாயங்காலம், "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

"அவளும் அமைதியாயிட்டாம்மா" என்றார் மெய்யம்மையிடம். "நான் அமைதியானதும் அங்கயும் அமைதி வந்துடுச்சு பாருங்க."

"அப்படியா?" என்றார் மெய்யம்மை.

அதற்குப் பிறகு செண்பகம் கூப்பிடவே இல்லை.

நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டார் சபாநாயகம். ஆனால் சாயங்காலமானதும் கால் தானாக எடைமேடைக்குப் போனது. கையில் போன். இந்தக் கோடி, அந்தக் கோடி. சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பார். சத்தம் குறைத்து வைத்துவிட்டோமோ என்று பார்ப்பார். தானே கூப்பிடலாம், கூப்பிடவில்லை. கூப்பிட்டால் மறுபடி எல்லாம் ஆரம்பித்துவிடும் என்று பயம். தியானத்தில் இப்போது இரண்டு முழங்காலும் ஆடின.

ஒருநாள் பாதித் தியானத்தில் எழுந்து மெய்யம்மையின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, இன்னும் பதில் சொல்லல. நான் தங்கலாமா, கூடாதா?"

"ஃபில்டரைத் திறங்க."

"கழுவி அதிக நாள் ஆகலையே."

"திறங்க ஐயா."

இந்தத் தடவை மூடி ஒரே இழுப்பில் வந்தது. திருகாணிகளைக் கழற்றினார். டப்பாவைத் திறந்து பஞ்சை எடுத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாருங்கம்மா. எப்படிப் போட்டேனோ அப்படியே இருக்கு." பஞ்சைத் தட்டினார். லேசாகப் புழுதி உதிர்ந்தது, அவ்வளவுதான். "அழுக்கே பிடிக்கல."

"நான் எந்த ரோட்டுல போறேன்?"

"இதோ, இந்த லாரி ரோட்டுலதான்."

"தினமும்?"

"தினமும்."

"அப்ப தூசியெல்லாம் எங்க?"

சபாநாயகம் பஞ்சைத் திருப்பிப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு லாரி போனது. அது போய் ஓயும் வரை மெய்யம்மை காத்திருந்தார்.

"எஞ்சினுக்குப் போற குழாய் இருக்கே, அதுல விரலை விட்டுப் பாருங்க."

விட்டார். எடுத்தார். விரல் முழுக்க வெள்ளை மாவு. கட்டைவிரலால் தேய்த்தார். நறநறவென்றது.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "உள்ள போயிடுச்சா?"

"உள்ள போயிடுச்சு."

"பஞ்சு இருந்துமா?"

"பஞ்சு காஞ்சு கிடந்துச்சு. எண்ணெய் இருந்தாத்தான் தூசி அதுல ஒட்டும். இல்லைன்னா இது வழி விட்டுடும்."

சபாநாயகம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோபம் வந்தது. அவமானத்தில் வருகிற கோபம். அதற்குக் கண்மண் தெரியாது.

"எண்ணெய் போடலன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த அன்னைக்கே."

"தெரிஞ்சேவா இத்தனை நாள் ஓட்டினீங்க?"

"ஆமா."

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா போட்டிருப்பீங்க."

"போட்டிருப்பேன்தான். அதுக்கு என்ன இப்ப? எஞ்சின் பாழாப் போனா யாருக்கு நஷ்டம்? நீங்களே உங்க எஞ்சினைக் கெடுத்துக்குவீங்களா?"

"என் எஞ்சின் இரும்பு ஐயா" என்றார் மெய்யம்மை. "போனா வேற மாத்திக்கலாம்."

சபாநாயகம் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். எவ்வளவு சுத்தம். 'ஒண்ணுமில்லப்பா' என்று செண்பகம் சொன்னது காதில் கேட்டது.

பஞ்சை வண்டியின் சீட்டில் வைத்தார். போனை எடுத்தார். விரலில் இருந்த வெள்ளை திரையில் படிந்தது. துடைத்துவிட்டு, முதல் முறையாகத் தானே மகளைக் கூப்பிட்டார்.

வெகுநேரம் அடித்தது.

"அப்பா? நீங்களா கூப்பிடுறீங்க? உடம்புக்கு முடியலையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. நீ எங்க இருக்க? காலேஜ் விட்டாச்சா?"

அந்தப் பக்கம் சத்தம் இல்லை.

"செண்பா."

"காலேஜுக்குப் போறதில்லப்பா."

"எப்பத்துலேர்ந்து?"

"கொஞ்ச நாளா."

"ஏன் கண்ணு?"

"பெரிய சித்தப்பா என் ரூமுக்கு வந்து சின்ன சித்தப்பாவைப் பத்திச் சொல்றாரு. அவர் போனதும் இவர் வந்து அவரைப் பத்திச் சொல்றாரு. உங்கப்பாகிட்டச் சொல்லு, உங்கப்பாகிட்டச் சொல்லுன்னு. நானும் உங்ககிட்டச் சொல்லிப் பார்த்தேன். நீங்க ம்னு சொல்லி வச்சுடுறீங்க. நான் யார்கிட்டப்பா சொல்றது? க்ளாஸ்ல உட்கார்ந்தா அவங்க பேசினதுதான் காதுல கேக்குது. ஒண்ணும் ஏறல. வீட்டை விட்டுக் கிளம்பவே பயமா இருக்கு. நான் இல்லாத நேரம் பார்த்து அடிச்சுக்குவாங்களோன்னு."

அவள் அழவில்லை. அதுதான் சபாநாயகத்தை என்னவோ செய்தது. அவர் மகள் சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகிறவள்.

இன்றைக்கு அவர் நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். ம் என்று சொல்லவில்லை. அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார்; கேட்டதையெல்லாம் திரும்பக் கேட்டார். யார் முதலில் சொன்னது, என்ன வார்த்தை சொன்னார்கள், அவள் என்ன சாப்பிட்டாள், எங்கே தூங்குகிறாள். செண்பகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி பேச ஆரம்பித்தாள். பாதியில் ஓவென்று அழுதாள். சபாநாயகத்துக்கு உயிர் வந்தது.

"இன்னைக்கே வரேன்" என்றார். "சித்தப்பாங்க வந்தா அப்பா வரட்டும்னு சொல்லிடு. எதுக்கும் பதில் சொல்லாத. கதவைச் சாத்திட்டுப் படு."

போனை வைத்ததும் வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டதுபோல ஓடினார். பையைத் தேடினார். வேட்டியைச் சுருட்டிப் போட்டார். துண்டை மறந்து திரும்பி வந்தார். விருத்தாசலம் பஸ் சாலை முக்கில் நிற்கும், அதைப் பிடித்தாக வேண்டும்.

"அம்மா, நான் கிளம்புறேன்."

மெய்யம்மை வண்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மாடத்தில் இருந்த எண்ணெய்ப் பாட்டில் இப்போது அவர் பக்கத்தில் இருந்தது.

"திறந்ததை மூடிட்டுப் போங்க" என்றார்.

"பஸ் போயிடும்மா."

"அடுத்தது வரும். பாதியில விட்ட வேலையோட போகாதீங்க."

சபாநாயகம் தவித்தார். சாலையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு பையைக் கீழே போட்டுவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பஞ்சைத் தட்டி உதறினார். ஒரு கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றிப் பஞ்சை முக்கினார். அவசரத்தில் நிறையவே ஊற்றிவிட்டார். தூக்கினால் ஒழுகியது. முழங்கையில் வழிந்து சட்டையை நனைத்தது.

எண்ணெயில் ஊறிய பஞ்சைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அந்தப் பித்தளைக் குடம் சுவரில் மோதிய சத்தம் கேட்டது. பயமாக இருந்தது. இங்கே வந்த நாளிலிருந்து அவர் ஒருமுறைகூட ஒப்புக்கொள்ளாத பயம்.

"அம்மா, இப்பப் போனா எல்லாரும் மறுபடியும் என் மேலதான் வந்து கொட்டுவாங்க. இத்தனை நாளுக்கும் சேர்த்துக் கொட்டுவாங்க. போகாம இருக்க முடியாது, அது தெரிஞ்சுபோச்சு. ஆனா போன தடவை மாதிரி எனக்கு மூச்சு முட்டிட்டா என்ன பண்றது? இதுக்கு ஒரு அளவு இருக்கா? எவ்வளவுதான் ஒட்ட விடுறது?"

மெய்யம்மை அவர் கையிலிருந்த பஞ்சை வாங்கினார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்ல அமுக்கினார். மிச்ச எண்ணெய் கிண்ணத்தில் வடிந்தது. மறுபடி அமுக்கினார். வடிவது நின்றது. பஞ்சை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அமுக்கினா சொட்டக் கூடாது" என்றார். "தொட்டா ஒட்டணும்."